ஊசி வாய் ஈயும் என் கெண்டைக்காலும்

தொரை உத்தரவு போட்ட அன்றைக்கு எங்கள் பசு கன்று போட்டு ஒன்பது நாள் ஆகியிருந்தது. காலைப் பெரட்டில் எல்லாரும் அன்றைய வேலைக்குப் பெயர் கொடுக்க வரிசையாக நின்றோம். பெரிய கங்காணி தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: நாங்கள் குடியிருக்கிற லயத்துக்குப் பின்னால் இருக்கிற மாட்டுக் கொட்டில் எல்லாவற்றையும் பிரித்துவிட வேண்டும், மாடுகளை மாதம் முடியுமுன் விற்றுவிட வேண்டும், பங்களாவில் ஈ கடிக்கிறது.

"ஈ கடிக்குதுன்னா ஈய விக்கச் சொல்லுங்களேன்," என்றேன்.

வரிசை சிரித்தது. பெரிய கங்காணி சிரிக்கவில்லை. அவருக்கும் இரண்டு மாடு இருந்தது. என் மனைவியும் சிரிக்கவில்லை. கொழுந்துக் கூடையைத் தலைக்கயிற்றில் மாட்டிக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை வைத்துத் தேயிலைக் கொழுந்தைப் பொரியல் பண்ணியிருக்கலாம்.

அந்தப் பசு அவளுடையது. அவளுடைய அண்ணன் கன்றாகக் கொடுத்தது. புல் அறுத்து, தவிடு தேடி, தன் பிள்ளைகளுக்கு மேலாக வளர்த்திருந்தாள். எங்கள் மூன்று பிள்ளைகளும் பிறந்ததிலிருந்து கறுப்புத் தேத்தண்ணிதான் குடித்தார்கள். சீம்பால் எல்லாம் தீர்ந்து, நாலைந்து நாளாகத்தான் வெள்ளையாகக் குடிக்கிறார்கள். கடைசிப் பிள்ளை அதைக் குடிக்காமல் கோப்பைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

அந்தப் பிள்ளைதான் இப்போது நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறாள். நான் பள்ளிக்கூடத்தை வெளியே நின்று பார்த்திருக்கிறேன், நல்ல கட்டிடம். என் பேச்சை அப்படியே எழுதினால் அச்சுக்காரர் ஓடிவிடுவார் என்று நேராக்கி எழுதுகிறாள். ஆட்கள் பேசினதை மட்டும் தொடாதே என்று சொல்லியிருக்கிறேன்.

எல்கடுவப் பக்கம் எங்கள் தோட்டம். மாத்தளை டவுனிலிருந்து பஸ் இருமிக்கொண்டே ஏறி வரும் உயரம். வெள்ளைக்காரத் தொரை கப்பல் ஏறி, நம் நாட்டுத் தொரை வந்து சில வருடம் ஆகியிருந்தது. எனக்குப் பங்களாத் தோட்டத்தில் வேலை. பூச்செடிக்குத் தண்ணீர் விடுவது, புல்தரையை மெஷினால் வெட்டுவது, வெட்டின புல்லை அள்ளிக்கொண்டு போய்ப் பேக்டரிக்குப் பக்கத்தில் இருக்கிற குழியில் கொட்டுவது. மழையில் மலையேறிக் கொழுந்து எடுக்கிறவர்கள் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள். பொறாமைப்படட்டும் என்றுதான் நானும் அவர்கள் போகிற நேரமாகப் பார்த்து ரோஜாச் செடிப் பக்கம் நிழலில் நிற்பேன்.

ஈக் கடி உண்மைதான். தொரைசானி விறாந்தையில் தேத்தண்ணி குடிக்க உட்கார்ந்தால் கணுக்காலில் ஊசி குத்தின மாதிரி இருக்கும். காலுக்கு மேஸ் உறை மாட்டியிருந்தாலும் அதற்கு மேலேயே கடிக்கும். பங்களா நாயின் காது நுனி இரண்டும் புண்ணாகி ரத்தம் கசிந்தது. தொரைக்கு அதைப் பார்த்ததும் கோபம். மாடு எங்கே இருக்கிறது, லயத்தில். ஈ எங்கிருந்து வரும், மாட்டிலிருந்து. அவ்வளவுதான் அவர் கணக்கு.

அந்தச் சமயத்தில் தொரையின் தம்பி பங்களாவில் விருந்தாளியாக இருந்தார். அவர் கொழும்பில் பெரிய படிப்புப் படித்தவர். எதற்கு என்றால் ஈக்கு. எங்கள் ஆட்கள் முதலில் நம்பவில்லை. பிறகு அவர் கழுத்தில் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு கக்கூஸ் சுவருக்கு முன்னால் முழங்காலில் நிற்பதைப் பார்த்து நம்பினார்கள். லயத்தில் அவருக்கு ஈ ஐயா என்று பெயர் வைத்தது நான்தான். அண்ணன் போர்டிங்கில் படிக்க, இவர் மட்டும் அப்பா வேலை பார்த்த வேறொரு தோட்டத்திலேயே வளர்ந்தவர் என்பதால் எங்களோடு எங்கள் தமிழிலேயே பேசுவார்.

வந்த இரண்டாம் நாளே என்னைப் பிடித்துக்கொண்டார். குடை பிடிக்க ஒரு ஆள் வேண்டும் என்றார். தொரையும் சரி என்றார். புல் வெட்டுவதைவிடக் குடை லேசானது.

அவர் ஈயைப் பிடித்து ஊசியில் குத்த மாட்டார். உயிரோடு இருக்கிறபடியே படம் எடுத்து, அந்தப் படத்தைப் பார்த்து இது என்ன சாதி என்று சொல்லுவதுதான் அவருக்கு ஆசை. பழைய படங்களை ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தார். விறாந்தை மேசையில் சீட்டுக்கட்டு மாதிரி பரப்பி எனக்கும் காட்டுவார். எல்லாம் கறுப்பு வெள்ளை. நீல ஈயும் பச்சை ஈயும் அதில் ஒரே சாம்பல் நிறம். நிறத்தை நம்பாதே, கண்ணைப் பார், முதுகுக் கோட்டைப் பார், இறக்கை நரம்பைப் பார், முக்கியமாக வாயைப் பார் என்பார்.

அவர் சொன்ன பெயர்கள் இங்கிலீஷும் இல்லாத, தமிழும் இல்லாத, வாய்க்குள் அடங்காத பெயர்கள். எனக்கு என் பெயர்கள் இருந்தன. ஒரு ஈ, முகத்தில் மீசை வைத்துக்கொண்டு குச்சி நுனியில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். வேறு பூச்சி பறந்தால் பாய்ந்து அமுக்கும். அது கங்காணி ஈ. இன்னொன்று பூவுக்கு முன்னால் காற்றில் அப்படியே நிற்கும். தேனீ மாதிரி சட்டை போட்டிருக்கும். கடிக்காது, ஒன்றும் செய்யாது. அதற்கு என் பெயரை வைத்தேன். ஈ ஐயா அந்தப் படத்தின் பின்பக்கத்தில் அதைப் பென்சிலால் எழுதியே வைத்துவிட்டார்.

பெரட்டில் உத்தரவு வந்த அன்றைக்குக் குடையை விரித்துக்கொண்டு நான் சும்மா நின்றேன்.

"என்னா இன்னைக்குச் சத்தமே இல்ல?" என்றார் ஈ ஐயா.

"மாட்ட விக்கச் சொல்லிட்டாங்கய்யா."

"ஒன் மாடா?"

"பொஞ்சாதி மாடுங்க. மாட்ட வித்தா அடுத்தது நாந்தான்."

அவர் சிரித்தார். பிறகு அண்ணனிடம் போனார். நான் பூந்தொட்டிக்குப் பின்னால் ஒரே செடிக்கு மூன்று முறை தண்ணீர் ஊற்றிக்கொண்டு கேட்டேன். இங்கிலீஷில் பேசினார்கள். எனக்குப் புரிந்தது ஈ ஐயா விரல்விட்டு எண்ணினதும் தொரை கையை வீசினதும்தான். திரும்பி வந்து அவரே சொன்னார்.

"ஈயில எத்தனையோ சாதி இருக்கு. எது கடிக்குதுன்னு பாக்காம மாட்ட விக்கிறது சரியில்லன்னு சொன்னேன். ஞாயித்துக்கெழம தேத்தண்ணி நேரம் வரைக்கும் தவணை குடுத்திருக்காரு. பங்களாவுல இருக்கிற ஈயும் லயத்து மாட்டுக் கொட்டில்ல இருக்கிற ஈயும் ஒண்ணா வேறயான்னு படத்த வச்சுக் காட்டணும்."

"காட்டலாங்கய்யா," என்றேன். நான் என்னத்தைக் காட்டப் போகிறேன் என்று எனக்கே தெரியாது.

விடியக்காலையில்தான் ஈ சொன்னபடி கேட்கும். எங்கள் ஊர்க் குளிரில் அதற்கும் கை கால் விறைத்துவிடும். வெயில் வருகிறவரை பறக்காது. முதல் நாள் லயத்துக்குப் போனோம். எங்கள் கொட்டில், கங்காணி கொட்டில், இன்னும் இரண்டு மூன்று. பெண்கள் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"என்னய்யா, கன்னுக்குட்டிய விட்டுட்டுச் செவுத்தப் படம் புடிக்கிறாரு?" என்றாள் என் மனைவி.

"அதுல ஈ இருக்கு புள்ள."

"ஈக்குப் படம் புடிக்கிறாங்க. நமக்குக் கலியாணத்துக்கே புடிக்கல."

இரண்டாம் நாள் பங்களா. விறாந்தைச் சுவர், நாய்க் கூடு, குசினி வாசல். சுவரில் உட்கார்ந்த ஈயை மேலேயிருந்து எடுத்தால் வீட்டு ஈயும் கடிக்கிற ஈயும் கூடப்பிறந்தவர்கள் மாதிரி இருக்கும். பக்கவாட்டில் எடுத்தால்தான் வாய் தெரியும் என்று ஈ ஐயா சுவரோடு கன்னத்தை ஒட்டிக்கொண்டு நின்றார். வெயில் ஏறினதும் ஈ எழும்பிவிட்டது. ஒன்றையும் கிட்டப் போக விடவில்லை.

ஈ ஐயா சுற்றிலும் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

"சாரத்தத் தூக்கு," என்றார்.

கெண்டைக்காலைக் காட்டிக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்தேன். வந்தது. நிதானமாக இடம் பார்த்து உட்கார்ந்தது. குத்தினது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அசையாத! அசையாத! எவ்வளவு அழகா குத்துது பாரு!"

"நீங்க பாருங்கய்யா. எனக்கு வலிக்குதே, அது போதும்."

சனிக்கிழமை காலை பிலிம் சுருளோடு நான் மாத்தளைக்கு இறங்கினேன். ஸ்டூடியோ முதலாளி தாடி வைத்த பெரியவர். டவுனில் பாதிப் பேருடைய கலியாணப் படம் அவர் கண்ணாடிப் பெட்டியில் தொங்கும். பிலிமை வாங்கி உள்ளே போனவர் வெகு நேரம் கழித்து ஈரப் படம் ஒன்றை இடுக்கியில் தூக்கிக்கொண்டு வந்தார்.

"யா அல்லாஹ்! இது என்னா தம்பி? நான் பொண்ணு மாப்புள வரும்னு பாத்துக்கிட்டு இருக்கேன், இலையான் வருது!"

"மாப்புளதான் மொதலாளி. நல்லாப் பாருங்க."

"அப்ப பொண்ணு?"

"பொண்ணு உள்ளுக்க கழுவுற தண்ணியில கெடக்கும்."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். காய்ந்ததும் இருபத்திரண்டு படத்தையும் ஈ ஐயா எழுதிக் கொடுத்திருந்த துண்டைப் பார்த்து இரண்டு உறையில் போட்டார். ஒரு உறையில் லயம், ஒரு உறையில் பங்களா. "பெரட்டிப் போடாதீங்க தம்பி. பிலிம் இங்கயே இருக்கட்டும், திங்கக்கெழம வேற பிரதி போட்டுத் தாறேன்," என்றார். உறையின் மேல் எழுதியும் கொடுத்தார். அந்த எழுத்து எனக்கு ஈயின் காலைவிட மெல்லிசாகத் தெரிந்தது.

நேராக வந்து கொடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. பஸ்ஸில் எனக்கு ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. பக்கத்தில் ஒரு மரக்கறிக்காரர். உக்குவெல தாண்டவில்லை, எனக்குக் கை அரித்தது.

"அண்ணே, ஒரு சாமான் காட்டுறேன், என்னான்னு சொல்லுங்க," என்று ஒரு படத்தை எடுத்து நீட்டினேன்.

"ஐயோ, இது என்னா பிசாசு?"

அவ்வளவுதான். முன் சீட்டுக்காரர் திரும்பினார், பின் சீட்டுக்காரர் எட்டினார். கொண்டக்டர் டிக்கட் கொடுப்பதை விட்டுவிட்டு வந்தார். நான் எழும்பி நின்று ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி விளக்கம் சொன்னேன். கண் இரண்டும் ஒட்டியிருந்தால் ஆண், விலகியிருந்தால் பெண் என்றேன். "அப்ப எங்க மாமியாரு கண்ணு ஒட்டித்தான் இருக்கு," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். ஒரு பெண் இதைக் கும்பிடலாமா என்று கேட்டாள். பிறந்ததிலிருந்து என் பேச்சை இத்தனை பேர் சேர்ந்து கேட்டதில்லை. அப்போதுதான் டிரைவர் வளைவில் திருப்பினார். நான் ஒரு பக்கம், உறை ஒரு பக்கம், இருபத்திரண்டு ஈயும் வெங்காயச் சருகுக்கு நடுவே தரையில்.

எல்லாரும் சேர்ந்துதான் பொறுக்கிக் கொடுத்தார்கள். இருபத்திரண்டும் இருந்தது. எது எந்த உறை என்பதுதான் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஈ ஐயா உறையைப் பிரித்தார். லயம் என்று எழுதின உறையிலிருந்து நாய்க் காதில் ஈ உட்கார்ந்த படம் வந்தது. நிமிர்ந்து பார்த்தார்.

"லயத்து ஈ உறையில எப்பிடி பங்களா நாய் வந்துச்சு?"

நான் பஸ் கதையைச் சொன்னேன். நடித்தும் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"ஊசி வாய் எது, பஞ்சு வாய் எதுன்னு நான் சொல்லிடுவேன். எது எங்க எடுத்ததுன்னு தெரியாட்டி அதுக்கு என்னா பிரயோசனம்? திங்கக்கெழம பிரதி வந்து என்னா, அண்ணன் இன்னைக்குச் சாயங்காலம் முடிவு பண்ணிடுவாரு."

மேசையில் படங்கள் கிடந்தன. பார்த்துக்கொண்டே இருந்தேன். ஈயைப் பார்த்தால் எல்லாம் ஒன்று. ஆனால் ஈ உட்கார்ந்திருந்த சுவர் ஒன்றில்லை.

லயத்துச் சுவருக்கு வருடத்துக்கு ஒரு முறை சுண்ணாம்பு அடிப்பார்கள். போன முறை அடித்தவர்களில் நானும் ஒருவன். என் வேலை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? தண்ணியாகக் கரைத்து, தும்புத் தூரிகையால் இழுத்து, தும்பு ஒட்டினால் ஒட்டினபடி, ஒழுகினால் ஒழுகினபடி விட்டுவிடுவேன். படத்தில் அந்த ஒழுகல் எல்லாம் தேங்காய்ப்பால் வழிந்த மாதிரி இருந்தது. பங்களாச் சுவர் அப்படியில்லை. அதற்குக் கண்டியிலிருந்து பெயிண்டர் வந்து பட்டு மாதிரி பூசியிருந்தான். கொட்டில் கம்பம் மூங்கில், பங்களாக் கதவு நிலை மரம்.

"ஐயா," என்றேன், "ஈய உட்டுருங்க. நான் செவுத்தப் பாத்துப் பிரிக்கிறேன்."

ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். இது லயம், இது லயம், இது பங்களா, இது குசினி வாசல். இருபத்தொன்றை வைத்துவிட்டேன். கடைசியில் ஒரு படம். சாம்பல் நிறத் தரை, அதில் நெல்லறுத்த தாள் மாதிரி குச்சி குச்சியாக ஏதோ, நடுவில் ஈ. யோசித்துப் பார்த்து லயத்துப் பக்கம் வைத்தேன்.

"இது எங்க எடுத்தது?" என்றார் ஈ ஐயா.

"அறுப்பறுத்த வயலுங்க. இல்லாட்டிக் கங்காணி கொட்டில் வைக்கோலு."

"மடையா, அது ஒன் காலு!"

குனிந்து என் காலைப் பார்த்தேன், படத்தைப் பார்த்தேன். இத்தனை வருடமாக அதில்தான் நடந்துகொண்டிருக்கிறேன்.

சாயங்காலம் தொரை வந்து உட்கார்ந்தார். தொரைசானி காலுக்குத் துணி சுற்றிக்கொண்டு பக்கத்தில். ஈ ஐயா இரண்டு பக்கமாகப் படத்தை வைத்து விளக்கினார். பங்களாப் பக்கத்தில் கிட்டத்தட்ட எல்லாம் ஊசி வாய். லயத்துப் பக்கத்தில் இரண்டைத் தவிர எல்லாம் பஞ்சு வாய், நக்கிக் குடிக்கிற வீட்டு ஈ, கடிக்கவே தெரியாத சாதி.

தொரை என் பக்கம் திரும்பினார். தொரையின் தமிழில் உத்தரவும் கேள்வியும் ஒரே மாதிரி இருக்கும்.

"இது யார் பிரிச்சது? நீயா? நீ மாடு உள்ள ஆள். ஒன் பேச்சு எப்பிடி நம்புறது?"

பங்களாப் பக்கத்திலிருந்து ஒரு படத்தை எடுத்து ஈயின் மேல் கட்டைவிரலை வைத்து மறைத்தார். "இது எங்க?"

பூச்சுக்கு மேலே மயிர் மாதிரி ஒரு வெடிப்பு, அது இரண்டாகப் பிரிகிற இடம். ஒவ்வொரு நாளும் தண்ணீர் வாளியோடு நான் கடந்து போகிற இடம்.

"தொப்பி மாட்டுற ஆணிக்குக் கீழங்க. கை அளவு தள்ளி."

தொரை படத்தோடு எழும்பிப் போனார். தொப்பியை எடுத்துவிட்டுக் குனிந்தார். படத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். திரும்பி வரும்போது நடை கொஞ்சம் மெதுவாக இருந்தது.

"சரி. லயத்துல மாடு இருக்கு, ஏன் இந்த ஈ இல்ல?"

அதற்குப் பதில் சொல்ல எனக்குப் படிப்பு வேண்டாம். "லயத்துல சாணி எங்கங்க கெடக்கும்? மாடு வால தூக்கினாலே பொம்பளைங்க கூடையோட நிப்பாங்க. வீடு மொழுகணும், போஞ்சிப் பாத்திக்குப் போடணும். சாணிக்குச் சண்ட வந்து கங்காணி வெலக்கியிருக்காருங்க. ஈ முட்ட போடுறதுக்கு நேரமே கெடைக்காது."

தொரைசானி சிரித்துவிட்டார். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. இன்னும் இரண்டு வார்த்தை சேர்க்கலாம் என்று வாயைத் திறக்கும்போது தொரை தம்பியைக் கேட்டார்.

"அப்போ இது எங்க பொறக்குது?"

"அழுகின புல்லு," என்றார் ஈ ஐயா. "ஈரமா, குமிஞ்சு, உள்ளுக்க சூடா கெடக்கணும். கிட்டத்துலதான் எங்கயோ இருக்கணும்."

என் வாய் திறந்தபடியே நின்றது.

பேக்டரிக் குழி பங்களாவிலிருந்து அரை மைல். இறங்குவது சுகம், வெறுங்கூடையோடு ஏறி வருவதுதான் பாவம். அந்த வருடம் மழை தொடங்கினதிலிருந்து நான் அங்கே போகவில்லை. வெட்டின புல்லை எல்லாம் பங்களாவுக்குப் பின்னால், கொய்யா மரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளத்தில் தள்ளிவிட்டு, கூடையைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்து, பேக்டரிக்குப் போய் வருகிற நேரம் வரைக்கும் வெற்றிலை போடுவேன்.

"நீ புல்லு எங்க போடுறது?" என்றார் தொரை.

"குழியிலங்க," என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அதற்கு அந்தப் பழக்கம் உண்டு.

"பேக்டரிக் குழியா?"

"ஆமாங்க."

தொரை கோப்பையைக் கீழே வைத்தார். "அப்போ பங்களாவுல அழுகின புல்லு இல்ல. லயத்துலயும் ரெண்டு ஊசி வாய் இருக்கு. எல்லாம் அங்கேருந்துதான் வருது. மாடு போகணும். முடிஞ்சது." எழும்பிவிட்டார்.

ஈ ஐயா என்னைப் பார்க்கவில்லை. படங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். எனக்குக் கடைசிப் பிள்ளை கோப்பைக்குள் எட்டிப் பார்க்கிறது தெரிந்தது. இன்னொரு பக்கம் ரோஜாச் செடி நிழலும் தெரிந்தது. நல்ல நிழல் அது.

"தொரை," என்றேன். "நான் சொன்னது பொய்யிங்க."

"என்னா பொய்?"

"வாங்க, காட்டுறேன். செருப்புப் போட்டுக்கிட்டு வாங்க."

முன்னால் நான், பின்னால் தொரை, அதற்குப் பின்னால் கேமராவோடு ஈ ஐயா, கடைசியில் காது கடிபட்ட நாய். கொய்யா மரத்தைத் தாண்டினதும் வாடை முகத்தில் அடித்தது. ஆள் உயரத்துக்குப் புல் குமிந்து, மேலே காய்ந்து, ஓரத்தில் ஆவி வந்துகொண்டிருந்தது. கம்பால் ஒரு குத்துக் குத்திப் புரட்டினேன். உள்ளே சோறு கொதிக்கிற மாதிரி புழு. பக்கத்துச் செடியில் புது ஈக்கள் இறக்கையைக் காயவைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தன. எல்லாம் ஊசி வாய்.

"ஐயோ, எவ்வளவு அழகு!" என்று ஈ ஐயா அந்தச் சேற்றிலேயே முழங்காலில் விழுந்துவிட்டார். "முட்ட, புழு, கூடு, ஈ, எல்லாம் ஒரே எடத்துல! ஒனக்கு எப்பிடி நன்றி சொல்றதுன்னே தெரியல!"

தொரைக்குத் தெரிந்திருந்தது.

"எத்தன நாள்?" என்றார்.

"மழை தொடங்கினதுலேருந்துங்க."

"ஏன்?"

"ஏத்தம்ங்க."

தொரை என் முகத்துக்கு நேராக வந்து நின்றார். எனக்குச் சிரிப்புக் காட்டுகிற எண்ணம் கொஞ்சமும் இல்லை. ஆனால் அதே நேரத்தில் ஒரு ஈ வந்து தொரையின் காலில் உட்கார்ந்து குத்திவிட்டது. அவர் துள்ளினார். நான் என்ன செய்ய? உதட்டைக் கடித்தேன், மூக்கால் வந்துவிட்டது.

நாளைக்குப் பொழுது விழுமுன் குவியல் முழுக்கப் பேக்டரிக் குழிக்குப் போக வேண்டும் என்றார். அதற்கு அடுத்த நாளிலிருந்து நான் பங்களாப் பக்கமே வரக் கூடாது, மலையில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்ட வேண்டும் என்றார். மாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கேட்கவும் எனக்குத் தைரியம் இல்லை.

மறுநாள் கூடை கூடையாகச் சுமந்தேன். பாதி வழியில் எங்கள் லயம். கொழுந்து நிறுத்துவிட்டு வந்த என் மனைவி குறுக்கே நின்றாள். கதை அவளுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது.

"ஓ சோம்பேறித்தனத்துக்கு எம் மாட்ட விக்கப் பாத்தாங்களே! நீயெல்லாம் ஒரு ஆம்புளயாய்யா?"

"நாந்தானே புள்ள சொல்லிட்டேன்."

"போட்டவனும் நீதானே? எறக்கு கூடைய." உள்ளே கையை விட்டுக் கிளறிப் பார்த்தாள். முகத்தில் கோபம் அப்படியே இருக்கக் குரல் மட்டும் மாறினது. "நல்லா மக்கியிருக்கு. பேக்டரிக்கு எதுக்குக் கொண்டு போற? போஞ்சிப் பாத்தியில கொட்டு. மெல்லிசா பரத்திக் கொட்டு, குமிச்ச, பாத்துக்க!"

அவள் சொல்லி மற்றப் பெண்களும் கூடையோடு வந்துவிட்டார்கள். பள்ளம் மத்தியானத்துக்குள் காலி. வாழ்க்கையில் ஒரு வேலையை நேரத்துக்கு முன்னால் முடித்தது அன்றைக்குத்தான். அதையும் நான் செய்யவில்லை.

கவ்வாத்துக் கத்தி முதல் வாரம் உள்ளங்கையை உரித்துவிட்டது. மேலிருந்து பார்த்தால் பங்களாப் புல்தரையும் ரோஜாச் செடியும், அதன் நிழலில் புதிதாக வந்த ஒருவன் நிற்பதும் சிறியதாகத் தெரியும். பத்து மணிக்கு மனைவி போத்தலில் தேத்தண்ணி கொண்டுவந்து தருவாள். பாலும் வெல்லமும் போட்டது. குடித்துவிட்டு மறுபடி குனிந்து வெட்டுவேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை. பங்களாவிலும் நாய்க்குக் காது ஆறிவிட்டது என்று கேள்விப்பட்டேன்.

ஆனால் மாடு விற்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு காலைப் பெரட்டிலும் பெரிய கங்காணி வாயைத் திறந்தால் எல்லாரும் அந்த வாயையே பார்ப்போம். அவர் வேறு எதையோ சொல்லிவிட்டுப் போய்விடுவார். தொரை போட்ட உத்தரவைத் திருப்பி எடுக்கிற வழக்கம் இல்லை. அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதுதான் வழக்கம். அது எங்களுக்குப் புரிய மாதக் கடைசி வரை ஆனது.

அந்தக் கடைசி நாளில், உத்தரவு வந்தபோதே நாங்கள் சொல்லி வைத்திருந்தபடி, மாட்டு வியாபாரி மாத்தளையிலிருந்து தோளில் கயிற்றோடு ஏறி வந்துவிட்டார். அவருக்கு யாரும் செய்தி சொல்லி அனுப்பவில்லை. எங்கள் வாசலில் மூச்சு வாங்க நின்றார். மனைவி பெரிய கங்காணியிடம் ஓடிப் போய்க் கேட்டாள். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "எனக்கு எதுவும் ஞாபகமில்ல. எம் மாடு ரெண்டும் கொட்டில்லதான் நிக்குது," என்றார்.

அவள் ஓடியே திரும்பி வந்தாள். வியாபாரியை உட்காரவைத்து வெள்ளைத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு, "நல்ல பாலு. மாடு எங்க தங்கச்சி?" என்றார்.

"மாடு விக்கல அண்ணே. சும்மா அலைய வச்சிட்டோம்."

"அடக் கடவுளே, இந்த மலை ஏறி வந்திருக்கேனே. வேற ஏதும் விக்க இருக்கா?"

என் மனைவி என் பக்கம் கையைக் காட்டினாள். "இது ஒண்ணு நிக்குது. வாய் மட்டும் வேல செய்யும்."

வியாபாரி தொழில்காரர். எழும்பி வந்து என்னைச் சுற்றி ஒரு நடை நடந்து, முதுகில் தட்டி, "ஈ காட்டுங்க," என்று பல்லைப் பார்த்தார். பிறகு கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"வேணாம் தங்கச்சி," என்றார். "இத உசுப்பி எறக்கிக் கொண்டு போறதுக்குள்ள பஸ் போயிடும்."